கடல் சட்டம் படிக்க வீட்டுப் பத்திரம் எதற்கு?

வட சென்னையின் மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு. அம்மா மீன் விற்கிறார். இவர் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். "நாள் முழுவதும் பிடிப்புச் சான்றுப் படிவங்களை நிரப்பும் எழுத்தர் வேலை, இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை" என்று எழுதுகிறார். கடல் ஆளுகை, கடல் வளங்களின் நீடித்த பயன்பாடு ஆகியவற்றை மேற்படிப்பாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை சில மாதங்களாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவர், ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு 22 லட்சம் ரூபாய் ஆகும், படித்து முடித்தால் ஐ.நா.வில் வேலை உறுதி என்று சொல்லியிருக்கிறார். 25,000 ரூபாய் முன்பணமும் மூலச் சான்றிதழ்களும் ஏற்கெனவே அவர் கைக்குப் போய்விட்டன. அம்மா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தைத் தனக்குத் தெரிந்த பைனான்சியரிடம் "சும்மா கொடுத்துவைத்தால் போதும்" என்பது அவருடைய அடுத்த யோசனை.

அண்ணன் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். அப்பா, "கடலை எவனாவது காகிதத்தில் படிப்பானா?" என்று கேட்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு: போகலாமா? சட்டப் பட்டம் இல்லாமல் இதைப் படிக்க முடியுமா? படித்துவிட்டு வந்தால், பாக் நீரிணையில் கைதாகும் மீனவர்களை விடுவிக்க உதவ முடியுமா? இப்போதிருந்தே எப்படித் தயாராவது?

அன்புள்ள சகோதரிக்கு,

படிக்கலாம். சட்டப் பட்டம் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் இந்த முகவர் மூலமாக, இந்த ஆண்டே, இந்தக் கடனில் வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் கடலோர வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்பதால் பணத்தையும் காகிதத்தையும்தான் முதலில் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையை விட்டுப் போனவை

மூலச் சான்றிதழ்களை நாளைக்கே நேரில் போய் வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு ஸ்கேன் செய்த நகலோ சான்றொப்பமிட்ட நகலோ போதும். உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முகவரின் பீரோவில் வைத்திருக்கும்படி எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை. மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: நீங்கள் மனம் மாறினாலும் விலக முடியாதபடி செய்வது. தயங்கினால் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், அதன் நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

முன்பணத்தைக் கைபேசி வழியாக அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். நல்லதாயிற்று, பதிவு இருக்கிறது. என்னென்ன சேவைக்காக அந்தத் தொகை, எந்தச் சூழ்நிலையில் திருப்பித் தருவார்கள் என்று எழுதிக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக் காலவரம்பு இருக்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டுப் பத்திரம் பற்றித்தான் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "பதிவு அலுவலகத்துக்குப் போகப் போவதில்லை, கையில் கொடுத்துவைக்கத்தானே போகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடனுக்கு ஈடாக மூலப் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் ஏற்படுத்துவதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 58-ஆம் பிரிவில் அங்கீகரிக்கிறது. அந்த முறை செல்லும் ஊர்கள் என்று சட்டமே பெயர் சொல்லும் நகரங்களில் நம்முடையதும் ஒன்று. ஆகவே "சும்மா கொடுத்துவைப்பது" என்று ஒன்று கிடையாது. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, எப்போது பத்திரம் திரும்பும் என்று எந்தக் காகிதமும் இல்லாமல் கொடுத்தால், நாளை தகராறு வரும்போது வெறும் கையோடு நிற்கப்போவது உங்கள் அம்மாதான்.

கடன்தான் வழி என்றால், வங்கிக் கல்விக் கடன் இதைவிட எவ்வளவோ மேல். பொதுவாக 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை ஜாமீன்தாரர். அதற்கு மேல் சொத்து ஈடு. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வழக்குப் போடாமலேயே ஈட்டுச் சொத்தை வங்கி கையகப்படுத்த முடியும். 22 லட்சத்தை அம்மா கூடை சுமந்து அடைப்பார் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஐ.நா. வேலையைப் பற்றி ஒரே வரி போதும்: ஆள் எடுப்பதற்கு எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று ஐ.நா.வே அறிவித்திருக்கிறது; அங்கே இடம் உறுதி என்று சொல்லும் உரிமை எந்த முகவருக்கும் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை

உங்கள் கடிதத்தில் என்னைச் சற்றுக் கோபப்படுத்திய வரி, பிடிப்புச் சான்று பற்றியதுதான். கற்றுக்கொள்ள எதுவும் இல்லையா?

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகிறது. கடலில் பிடித்த மீன் அங்கே நுழைய வேண்டுமானால், அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று அதன் கொடி நாடு, அதாவது படகு பதிவான நாடு, சான்று அளிக்க வேண்டும். எந்தப் படகு, எந்தக் கடற்பகுதி, எந்த வகை மீன், எவ்வளவு எடை என்பதெல்லாம் அதில் வரும். இந்தியாவில் அந்தச் சான்றைச் சரிபார்த்து உறுதி செய்வது கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். பிரஸ்ஸல்ஸில் எழுதப்பட்ட விதி ஒன்று, காசிமேட்டில் இறங்கும் கணவாய்க்கு யார் பெயரை எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் படிக்க விரும்பும் துறை இதுதான், சகோதரி. அந்தப் படிவத்தை யார் நிரப்புகிறார்கள், படகுக்காரருக்கு அது தெரியுமா, பல படகுகளின் மீன் ஏலக்கூடத்தில் ஒன்றாகக் கலந்த பிறகு படகின் பெயரை எப்படிப் போடுகிறார்கள்? இதற்கு நேர்மையான விடை உங்களைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும். பேராசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ளக் களப்பணிக்கு வருவார்கள்.

கடல் ஆளுகையைக் கடல் உயிரியலின் ஒரு கிளை என்று நினைத்திருக்கிறீர்கள். விலங்கியல் படித்தது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மீன் எப்படிப் பெருகுகிறது என்பது உயிரியல். எவ்வளவு பிடிக்கலாம், யார் பிடிக்கலாம், எந்தக் கருவியால், யார் சொல்லி, மீறினால் என்ன என்பதுதான் ஆளுகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, உங்கள் அப்பாவின் பைபர் படகு மட்டும் கடலுக்குப் போகிறதே, அந்த வேறுபாட்டை முடிவு செய்தது யார்? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள். மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம் மீன்வளம். ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது இனம், கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு. அதாவது கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கோட்டையிலிருந்து, அதற்கு மேல் 200 கடல் மைல் வரை டெல்லியிலிருந்து. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது, மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்குத் தெரியும்: தமிழ்நாடு அந்த வலையை 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது, 12 மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணிக்குள் பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. இரண்டு பட்டியல்களுக்கு நடுவே விழுந்த வழக்கு அது.

இன்னொரு எடுத்துக்காட்டு, உங்கள் வாசலிலேயே நடந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரித்தது. யாருடைய பொறுப்பு அது? ஆமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வனத்துறை. இழுவலைப் படகு கரையோரத்துக்கு வரக்கூடாது என்பது மாநிலக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983, ஆகவே மீன்வளத்துறை. கடலில் ரோந்து போகக் கடலோரக் காவல்படை. நீதிமன்றத்தில் இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. வலையில் ஆமை விலக்கும் சாதனம் பொருத்தாத நாடுகளிலிருந்து கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது, ஆனால் அதை நாடுகளிடையே பாரபட்சமாகச் செயல்படுத்தியது தவறு என்றது. நமக்குச் சாதகம் என்று அன்று கொண்டாடியவர்கள் தீர்ப்பின் முதல் பாதியைப் படிக்கவில்லை. அந்தத் தடை இன்றும் இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலைத் துரத்துகிறது. பண்ணையில் வளர்க்கும் இறால் அந்தத் தடைக்குள் வராமல் கப்பல் ஏறுகிறது. ஆமை, வலை, ஏற்றுமதி, பண்ணை, கடலோர நிலம் என்று இந்த ஒரு நூலைப் பிடித்தே முதுகலை ஆய்வேடு எழுதிவிடலாம். உங்கள் அலுவலக அலமாரியில் அதற்குப் பாதிச் சான்றுகள் கிடக்கின்றன. அவை நிறுவனத்துடையவை என்பதால் அனுமதியில்லாமல் வெளியே எடுக்காதீர்கள். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவை உங்களுக்குச் சொல்லும்.

அந்த 73-ஆம் பிரிவு

"ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி மீனவர்களைச் சிறையில் அடைக்கவே முடியாது, இதை யாரும் வாதாடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சமூக ஊடகங்களில் சுற்றிவரும் இந்தச் செய்தி என் அலுவலகத்துக்கும் வாராவாரம் வருகிறது. பாதி உண்மை.

1982-இல் உருவாகி 1994-இல் நடைமுறைக்கு வந்து, 1995-இல் இந்தியா ஏற்ற உடன்படிக்கை அது. அதன் 73-ஆவது பிரிவு, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதற்காக, நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சிறைத் தண்டனை கூடாது என்கிறது. உண்மைதான். ஆனால் அந்த மண்டலம் 12 மைலுக்கு அப்பால் தொடங்குவது. பாக் நீரிணையில் இரு கரைகளும் அவ்வளவு நெருக்கம். சில இடங்களில் 24 மைல் இடைவெளியே கிடையாது. 1974-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தம் அங்கே கோடு கிழித்தபோது, இரு நாடுகளும் அந்த நீரைக் காலங்காலமாகத் தங்களுக்கே உரிய வரலாற்று நீர்ப்பரப்பாகவே கருதின. ஆகவே கச்சத்தீவுப் பக்கம் கைதான ஒருவருக்காக 73-ஆம் பிரிவை வாசித்தால் எதிர்த் தரப்பு சிரிக்கும். வங்கக் கடலில், 12 மைலுக்கு வெளியே நடக்கும் கைது வேறு கதை. அங்கே அந்த வாதத்துக்கு வலு உண்டு. கைதான இடத்தின் ஆயத்தொலைவு தெரியாமல் சட்டம் பேச முடியாது என்பதுதான் இதில் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கசக்கலாம். எதிர்க்கரையில் வலை அறுந்து நிற்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்களே. போருக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள், நம் பக்க இழுவலைப் படகுகளைப் பற்றித்தான் புகார் சொல்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசுகளும் பாக் நீரிணையின் இழுவலைப் படகுகளை விலக்கி, ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற மானியத் திட்டம் கொண்டுவந்தன. யார் குற்றவாளி என்பதோடு நின்றுவிடாமல், அந்தத் திட்டத்துக்கு மாறியவர் எத்தனை பேர், மாறாதவர் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். படித்துவிட்டு வந்து ஒருவரையும் நீங்கள் சிறையிலிருந்து மீட்கப் போவதில்லை. அது தூதரகமும் அங்குள்ள வழக்கறிஞர்களும் செய்யும் வேலை. கைது நிகழாத ஏற்பாடு ஒன்றை எழுதும் மேசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கலாம். அதற்கும் காலம் பிடிக்கும்.

எங்கே படிப்பது

வெளிநாட்டுப் படிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி என்று முகவர் சொல்லியிருப்பார். இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட், நார்வேயின் ட்ரோம்சோ ஆகிய இடங்களில் இருக்கும் கடல் சட்ட முதுகலைக்கு முதலில் சட்டப் பட்டம் வேண்டும். ஸ்வீடனின் மால்மோவில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1983-இல் தொடங்கிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் கடல் ஆளுகைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது அது, அரசுத் துறைகளிலிருந்து வருபவர்கள் அதிகம். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் கடல் மேலாண்மை முதுகலைக்கு எந்தத் துறையினரும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் பிரேமனில் வெப்பமண்டல நீர்ச்சூழலியல் படிப்பு உங்கள் விலங்கியலுக்குப் பொருந்தும்.

செலவை யார் தருவார்கள் என்பதில்தான் சூட்சுமம். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறது. முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் அமைப்பு வளரும் நாட்டவருக்குத் தரும் முதுகலை உதவித்தொகைக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். நீங்கள் வெறுக்கும் அந்த எழுத்தர் நாற்காலிதான் இந்த நிபந்தனையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. முகவர் பேச்சைக் கேட்டு இப்போதே ராஜினாமா செய்தால், இலவசமாகப் படிக்கும் தகுதியைக் கைக்கு எட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, கடனில் படிக்கப் போவீர்கள். பணி அனுபவச் சான்றை மட்டும் தெளிவாக எழுதி வாங்குங்கள்: "எழுத்தர்" என்று ஒரு சொல்லோடு முடியாமல், எந்தெந்த ஆவணங்கள், எந்தெந்த நாடுகளுக்கான விதிகள் என்று இருக்கட்டும்.

மூன்றாண்டு எல்.எல்.பி. பற்றியும் யோசியுங்கள். அரசுச் சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வருகைப்பதிவு கட்டாயம், முழுநேர வேலையோடு முடியாது. வீட்டில் உங்கள் சம்பளம் எவ்வளவு அவசியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். விதிகளின் சொற்களை வரிவரியாக உரித்துப் பார்ப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி கிடைக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் சட்டம். கூட்டத்தில் பத்துப் பேரைப் பேசவைத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதில் என்றால் மேலாண்மை. உத்தண்டியில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அருகில்தானே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் கப்பல், துறைமுகம் சார்ந்தது, உங்கள் கேள்விகள் வேறு.

இந்த ஓராண்டில்

நீங்கள் இருக்கும் ஊரை வெளிநாட்டு மாணவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். வங்காள விரிகுடாத் திட்டத்தின் நான்கு நாட்டு அமைப்பு, சிறு மீனவர்களுக்காக 1986 முதல் இயங்கும் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவு சர்வதேசக் கூட்டமைப்பு, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் எல்லாம் மாநகரப் பேருந்து போகும் தூரத்தில். அந்தப் பள்ளிக்கரணை வளாகத்தில்தான் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கிக் கலம் உருவாகிறது. பொதுக் கருத்தரங்குகளுக்குப் போங்கள், நூலகங்களைப் பயன்படுத்தக் கேளுங்கள், பயிற்சிப் பணி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராத கடிதங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வாசிப்பை உடன்படிக்கையின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 320 பிரிவுகளும் ஒன்பது இணைப்புகளும் உள்ள அந்தக் காட்டில் பலர் இரண்டாம் வாரமே தொலைந்துபோகிறார்கள். ஐந்தாம் பாகத்தில், 55 முதல் 75 வரையிலான பிரிவுகளில் தொடங்குங்கள். மீன்பிடிப்பு அதில்தான் இருக்கிறது. அடுத்து சுற்றுச்சூழலுக்கான பன்னிரண்டாம் பாகம். பிறகு 2014-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஏற்ற சிறு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள். கூடவே 1996-இல் இறால் பண்ணைகள் குறித்து ஜெகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலின் உயிர்ப்பன்மையைக் காக்கும் ஒப்பந்தம் 2023-இல் ஏற்கப்பட்டு, 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தியா 2024-இல் கையெழுத்திட்டது. அடுத்த பத்தாண்டுகளில் ஆள் தேவைப்படப்போகும் இடம் அதுதான், ஆனால் அதைக் கடைசியில் படியுங்கள்.

ஆங்கிலம் சுமார் என்று வருந்துகிறீர்கள். இந்த ஆவணங்களில் வாரம் ஒன்றை எடுத்து, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையத்துக்கு அதன் பிறகு போகலாம், செலவும் குறையும்.

இனி ஒரு களவேலை. உங்கள் குப்பத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வரும் அந்த வரைபடங்கள் பொதுவாக 1:25,000 அளவில் இருக்கும். அதாவது 250 மீட்டர் நீளக் குப்பம் ஒரு சென்டிமீட்டர். வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் அதில் எங்கே தெரியும்? 1:4,000 அளவு வரைபடம் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். வந்ததும் அப்பாவிடம் காட்டி, எது விடுபட்டிருக்கிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். கடலைக் காகிதத்தில் படிப்பானா என்று கேட்டவர், காகிதத்தில் தன் கரை இல்லை என்று தெரிந்தால் சும்மா இருக்கமாட்டார். வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் படகை எங்கே ஏற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியும், வரைபடம் போட்டவருக்குத் தெரிந்திருக்காது. நெட்டுக்குப்பமோ நொச்சிக்குப்பமோ, இத்தகைய வரைபடங்களின் மேல்தான் நாளை சாலையும் கட்டடமும் அனுமதி பெறும்.

விண்ணப்பக் கட்டுரையை முகவர் 8,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாகச் சொன்னார் அல்லவா? வேண்டாம். "சிறுவயது முதல் அலைகளைக் கண்டு வியந்தேன்" என்று அவர் எழுதுவார். தேர்வுக்குழு அதை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படிக்கிறது. மீனவக் குடும்பம் என்பதை மறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம், அதைச் சொல்லி இரக்கமும் கேட்க வேண்டாம். பிடிப்புச் சான்றில் படகின் பெயர் எப்படித் தொலைகிறது, வரைபடத்தில் கரை எப்படித் தொலைகிறது என்ற இரண்டையும் ஆதாரத்தோடு எழுதுங்கள். கடன் இல்லாமல் படிக்க வைக்கக்கூடிய கட்டுரை அது.

அண்ணனின் வங்கித் தேர்வு யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் விண்ணப்பிக்க முடியும், முதல் முறையே கிடைப்பது அரிது. இரண்டு சுற்றுகள் முயல்கிறேன், அதுவரை வேலையில் இருக்கிறேன், கிடைக்காவிட்டால் எல்.எல்.பி. அல்லது உள்நாட்டு முதுகலை என்று தேதியோடு வீட்டில் சொல்லுங்கள். சான்றிதழ்கள் திரும்பக் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்; பத்து நாளில் கிடைக்காவிட்டால் முகவருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவருடைய பதில், பணம் போன பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.